ஒன்பதாயிரம் ரூபாய் கிராபிக்ஸ் கார்டு

கேள்வி: கோத்தமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். வயது 68. காரைக்குடியில் இன்ஜினியரிங் படிக்கும் என் பேரன் அனிமேஷன் கற்றுக்கொள்ள வேண்டுமென்று சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொண்டிருக்கிறான். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கிராபிக்ஸ் கார்டு செகண்ட் ஹேண்டில் 9,000 ரூபாய்க்கு வருகிறதாம். மற்றவர்கள் 15,000-க்கு மேல் சொல்கிறார்களாம். விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம், வடக்கே மாற்றலாகிப் போகிறாராம். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கேம்ப்புக்குள் வெளியாரை விடமாட்டார்கள், அதனால் நேரில் பார்க்க முடியாது என்கிறார். பேரன் டோக்கனாக 1,500 அனுப்பிவிட்டான். இப்போது ‘கேட் பாஸ்’ போட 3,000 கேட்கிறார், அது பிறகு திரும்பி வந்துவிடுமாம். அதற்கு ஒரு க்யூஆர் படமும் வந்திருக்கிறது. எங்கள் ஊரில் பழைய சாமான் வாங்குவதும் விற்பதும் புதிதில்லை. பித்தளை என்றால் தட்டிப் பார்ப்பேன், தேக்கு என்றால் தூக்கிப் பார்ப்பேன். இதில் எதைத் தட்டுவது? இன்னொன்று, வீட்டுக் கணக்கு எழுத ‘ஐ7 கம்ப்யூட்டர்’ ஒன்றை 12,000-க்குத் தருகிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வாங்கலாமா?

பதில்: ஆச்சிக்கு வணக்கம்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 3,000 ரூபாயை அனுப்ப வேண்டாம். க்யூஆரைத் தொடவே வேண்டாம். பேரனை உட்கார வைத்து, 1930 என்ற எண்ணுக்கு இப்போதே போன் போடச் சொல்லுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். 1,500 ரூபாய் போன யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள், அதைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். பிறகு பேங்குக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். பணம் திரும்ப வருமா என்று கேட்டால், வாங்கியவன் அதை அடுத்த கணக்குக்குத் தள்ளுவதற்குள் முடக்க முடிந்தால் வரும். அதனால்தான் இந்த அவசரம். அவரோடு பேசிய சாட் மெசேஜ்களை அழித்துவிட வேண்டாம். அந்த அடையாள அட்டைப் படம், போன் நம்பர், க்யூஆர் எல்லாம் புகாருக்கு வேண்டும்.

பேரனைத் திட்டாதீர்கள். காரைக்குடி செக்காலைப் பக்கம் 20 வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்த ராணுவக்காரர் கதையோடு வந்த பையன்களை எண்ணி முடியாது. பெயர் மாறும், ஊர் மாறும், கதை மட்டும் மாறாது. பைக், பிரிட்ஜ், கேமரா, கிராபிக்ஸ் கார்டு என்று எதற்கும் இதே வசனம்தான். படத்தில் இருக்கும் அட்டை பெரும்பாலும் வேறு யாருடையதோ. இதற்கு முன்னால் ஏமாந்த ஒருவர் நம்பி அனுப்பிய அட்டையாகக்கூட இருக்கும். கேட் பாஸ் முடிந்தால் ஜிஎஸ்டி என்பான், அது முடிந்தால் வண்டி செக்போஸ்டில் நிற்கிறது என்பான். ஒவ்வொரு தொகையும் சின்னது, ஒவ்வொன்றும் ‘திரும்பி வந்துவிடும்’. ஏற்கெனவே போட்ட 1,500 வீணாகிவிடக் கூடாதே என்ற நினைப்பிலேயே அடுத்த 3,000 போகும்.

க்யூஆர் விஷயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போடுகிறோம் என்றால் நம் கணக்கிலிருந்து காசு வெளியே போகிறது என்று அர்த்தம். ‘ரீஃபண்டுக்கு ஸ்கேன் பண்ணுங்கள்’ என்பவன் திருடன், அதில் சந்தேகமே வேண்டாம். இன்னொன்று, சில நாள் கழித்து யாராவது கூப்பிட்டு, ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 500’ என்பார்கள். அதுவும் அதே கூட்டம்தான்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எதைத் தட்டுவது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்க வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனாமல் தூக்குச் சட்டியை எடுத்தால் முதலில் திருப்பி அடியைப் பார்ப்பார்கள். மரச் சாமான் என்றால் வண்ணம் பூசாத உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் பாகத்துக்கு அந்த ‘அடி’ ஒன்றுதான்: அது நம் கண் முன்னால் ஓட வேண்டும். படம் வேண்டாம், வீடியோ வேண்டாம், பில் காப்பிகூட இரண்டாம் பட்சம்தான். விற்பவர் வீட்டிலேயே, அவருடைய கம்ப்யூட்டரில் மாட்டி அரைமணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் காசு. வீட்டுக்கு வர வேண்டாம் என்று அவருக்குத் தயக்கம் இருந்தால் அதில் நியாயம் உண்டு. இருவருக்கும் பொதுவாக ஒரு சர்வீஸ் கடையில் வைத்துப் பார்க்கலாம். இதற்கும் ஒத்துக்கொள்ளாதவர் எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

இதைச் சொல்கிற நானே 2018-ல் ஒரு கார்டில் ஏமாந்தவன்தான். சென்னையில் ஒரு ஆள், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, பெட்டியோடு இருக்கிறது, அவசரமாக ஊருக்குப் போகிறேன் என்றான். அட்டைப்பெட்டி புதிது, ஸ்டிக்கர் புதிது. பஸ் ஸ்டாண்டில் வைத்துக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். கடையில் வந்து மாட்டினால் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், ஏறவில்லை. கழற்றி மேஜையில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: பின்பக்கம் நீலநிற விஜிஏ துளை, பழைய மானிட்டர் வயர் செருகுவது. இந்த சிப்புகளைச் செய்யும் என்விடியா கம்பெனி 2016-ல் 10 வரிசை கார்டுகள் கொண்டு வந்தபோதே அந்தப் பழைய அனலாக் வசதியை சிப்பிலிருந்து எடுத்துவிட்டது. அப்புறம் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கைக் கழற்றி, சிப் மேல் பூசிக் காய்ந்துபோன, சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்தால் உள்ளே இருந்தது 2011-ம் வருடத்து ஜிடிஎக்ஸ் 550 டிஐ-யின் சிப். 768 கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகு) இருக்க வேண்டிய இடத்தில் 192. கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதி, விண்டோஸில் 1050 டிஐ என்று பெயர் காட்டும்படி செய்திருந்தார்கள். ஸ்டிக்கரில் மட்டுமல்ல, கம்ப்யூட்டர் திரையில் தெரியும் பெயரிலும் பொய் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் புத்தி வந்தது. அந்தக் கார்டு இன்னும் என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் பாடமே அதை வைத்துத்தான்.

இந்தப் பொய்யைப் பிடிக்க ஜிபியு-இசட் என்று ஒரு சின்ன இலவச புரோகிராம் இருக்கிறது. பேரன் அதை பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகட்டும். விற்பவர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதை நம்ப வேண்டாம். இப்படிப் பெயர் மாற்றிய என்விடியா கார்டுகள் பலவற்றை அது கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுவிடும். 3060-க்கு அதில் பார்க்க வேண்டியவை: சிப் பெரும்பாலும் ஜிஏ106, ஷேடர் (முன்னால் சொன்ன கோர்தான்) எண்ணிக்கை 3584, மெமரி 12 ஜிபி ஜிடிடிஆர்6, பஸ் அகலம் 192 பிட். 128 பிட் என்று வந்தால் அது பிறகு வந்த 8 ஜிபி வகை. நல்ல கார்டுதான், ஆனால் வேகம் குறைவு, விலையும் குறைய வேண்டும். ஷேடர் 3840 என்று வந்தால் லேப்டாப்புக்குச் செய்த சிப்பை டெஸ்க்டாப் போர்டில் ஒட்டி விற்கிறார்கள் என்று பொருள். அதற்கு டிரைவர் தொல்லை கூடவே வரும். வேண்டாம்.

எண்கள் சரியாக இருந்தால் கார்டைக் கையில் வாங்கி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்லாட்டுக்குள் போகும் தங்கநிறப் பற்களில் கருகலோ கீறலோ இருக்கக் கூடாது. அந்தப் பல் வரிசை முடிகிற ஓரத்தில், பூட்டு விழும் கொக்கிக்குப் பக்கத்தில், மயிரிழை போல விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்; கனமான கார்டு வருடக்கணக்கில் தொங்கினால் அங்கேதான் உடையும். பின்பக்க ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்ததே குற்றமில்லை, பேஸ்ட் மாற்றத் திறந்திருக்கலாம். எதற்குத் திறந்தீர்கள் என்று கேட்டால் சட்டென்று பதில் வருகிறதா என்பதுதான் முக்கியம். மின்விசிறியை விரலால் மெதுவாகச் சுற்றி விடுங்கள். தள்ளாடினாலோ கரகரத்தாலோ பேரிங் போய்விட்டது. கடைசியாக மோந்து பாருங்கள். எரிந்த வாடை ஒரு முறை ஏறினால் எளிதில் போகாது.

போர்டின் ஓரத்தில் எண்ணெய் கசிந்த மாதிரிப் பிசுபிசுப்பு இருந்தால், மெமரி சிப்புகளின் மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேட் (சூடு கடத்தும் மெத்தை) நெடுநாள் சூட்டில் எண்ணெய் கக்கியிருக்கிறது. இது பெரும்பாலும் மைனிங்கில் ஓடிய கார்டுகளில் தெரியும். கிரிப்டோ காசு எடுப்பதற்காக இரவு பகலாக ஓட்டிய கார்டுகள் அவை. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசு தன் முறையை மாற்றி, கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை என்று ஆக்கியது. அதன் பிறகு அந்தக் கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்றாலே குப்பை என்று சொல்லமாட்டேன். ஒரே சீராக ஓடியதால் சிப் நன்றாகவே இருக்கும், விசிறியும் பேடும்தான் தேய்ந்திருக்கும். மைனிங்கில் ஓடியது என்று அவரே சொல்லி விலையைக் குறைத்தால் வாங்கலாம். ‘கேம் மட்டும்தான் விளையாடினேன்’ என்று சொல்பவரிடம் ஒரே மாதிரி நாலு கார்டு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் ஓட்டம். ஃபர்மார்க் என்ற புரோகிராமைப் போட்டால் கார்டு முழு மூச்சில் ஓடும். 15 நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் டீ குடிக்க வெளியே போகக் கூடாது, திரையையே பார்க்க வேண்டும். கலர் கலராகப் புள்ளிகள், கோடுகள், சதுரங்கள் வந்தால் மெமரி போய்க்கொண்டிருக்கிறது. சூடு 80 டிகிரிக்குள் நின்றால் நம் ஊர் வெயிலுக்கு சரிதான். ஹாட் ஸ்பாட் (சிப்பில் அதிகம் சுடும் இடம்) என்று தனியாக ஒரு எண் காட்டும். அதற்கும் முன்னால் சொன்ன சூட்டுக்கும் 25 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேஸ்ட் மாற்ற வேண்டியிருக்கும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பின்பக்கத்தில் இருக்கிற எல்லா டிஸ்ப்ளே போர்ட்டிலும் வயரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். ஒன்று மட்டும் செத்திருக்கும், அதைத்தான் சொல்லாமல் விடுவார்கள்.

பழையதில் எல்லாப் பாகமும் ஒன்றல்ல. பிராசஸரைத் தைரியமாக வாங்கலாம், அது அவ்வளவு சீக்கிரம் சாகாது. கீழே பின் இருக்கும் வகையென்றால் வளைந்திருக்கிறதா என்று மட்டும் சாய்த்துப் பாருங்கள். ரேமும் அப்படியே. ஆனால் டிடிஆர்3 என்ற பழைய ரேம் வகையில், ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடுகிற மலிவு ரேம் ஒன்று சுற்றுகிறது, இன்டெல் போர்டில் போட்டால் ஓடாது. மதர்போர்டு நடுத்தரம்: சாக்கெட் பின்களை டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 300 ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்று வருவதெல்லாம் மோசடி. 2 டிபி என்று காட்டும், உள்ளே கொஞ்சம்தான் இருக்கும், நிறைந்ததும் மேலே எழுதிய படங்களெல்லாம் காணாமல் போகும்.

ஹார்ட் டிஸ்க் வாங்கினால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற புரோகிராமைப் போட்டு எத்தனை மணி நேரம் ஓடியது, கெட்டுப்போன செக்டார் இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்த மணிக்கணக்கையும் பூஜ்ஜியமாக்கி விற்கிறார்கள். 2025 ஜனவரியில் ஜெர்மனியில், கடைகளில் புதிது என்று விற்ற பெரிய சீகேட் டிஸ்க்குகளே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று வெளியே வந்தது. அதனால் குடும்பப் படம், கணக்கு, பத்திர ஸ்கேன் வைக்கிற டிஸ்க் மட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

இப்போது உங்கள் ‘ஐ7 கம்ப்யூட்டர்’. தெரிந்தவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். ஐ7 என்பது இன்டெல் பிராசஸரின் குலப்பெயர் மாதிரி, அதற்குப் பின்னால் வரும் எண்தான் ஆளைச் சொல்லும். ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கட்டி வருவதில் நிறைய ஐ7-2600 இருக்கும். அது 2011-ல் வந்தது. 2022-ல் வந்த ஐ3-12100 அதைச் சுலபமாகத் தாண்டிப் போகும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட இன்டெலில் 8-ம் தலைமுறையாவது வேண்டும். பேங்க் வேலையும் அதே கம்ப்யூட்டரில் பார்ப்பீர்கள் என்றால் 8-க்குக் கீழே வாங்க வேண்டாம். முழு எண் என்ன என்று கேளுங்கள். ஐ7-8700 என்றால் முதலில் வரும் 8 தலைமுறை, 12700 என்றால் 12. லேப்டாப் என்றால் ஆன் செய்ததும் பாஸ்வேர்டு கேட்கிறதா, ஏதாவது கம்பெனியின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது இன்னும் அந்தக் கம்பெனியின் பிடியிலிருந்து விடுபடவில்லை. திருட்டுச் சாமானாகவும் இருக்கலாம். திருட்டு என்று தெரிந்தோ, சந்தேகப்பட வேண்டிய நிலையிலோ வாங்கி வைத்தால் வாங்கியவர் மேலும் வழக்கு வரும், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவு.

பேரனுக்கு அந்தக் கார்டு வேண்டுமென்றால் சென்னை ரிட்சி தெருவுக்கு ஒரு நடை போய் வரட்டும். விடிகாலை பல்லவன் ரயில் ஏறினால் மதியவாக்கில் சென்னை. 9,000-க்குக் கிடைக்காது, ஆனால் கடைக்காரர் முகத்தோடு இருக்கிறார், கவுன்டரிலேயே மாட்டி ஓட்டிக் காட்டுவார். ‘டெஸ்டிங் வாரண்டி’ என்று சில நாள் சொல்வார்கள். எத்தனை நாள் என்பதை வாயால் கேட்டுக்கொண்டு வராமல் பில்லில் எழுதி வாங்கட்டும். தனியாரிடம் வாங்கினால் பில் இருக்காது, அப்போது உங்கள் வீட்டுப் பழக்கம்தான் கைகொடுக்கும். கல்யாணச் சாமானுக்கு எழுதுவது போல ஒரு சிட்டை எழுதிவிடுங்கள்: கார்டின் மாடல், சீரியல் நம்பர், தொகை, தேதி, இருவர் பெயரும் கையெழுத்தும். சீரியல் நம்பரைப் பெட்டியிலிருந்து பார்த்து எழுதாமல் கார்டின் மேல் ஒட்டியிருப்பதைப் பார்த்து எழுத வேண்டும். இரண்டும் வேறு வேறாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நேர்மையாக விற்பவர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். கூரியரில் மட்டும் வேண்டாம் ஆச்சி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது காசு போன பிறகுதான் தெரியும். ஒருவர் அப்படி வந்த பெட்டியை என் கடையில் வைத்துத்தான் பிரித்தார், உள்ளே பாதி டைல்ஸ் கல் இருந்தது. நம் ஆத்தங்குடிக் கல்லாக இருந்தாலும் தரையில் பதித்திருக்கலாம்.

கார்டு வருவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பேரன் கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்து, எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் மின்சாரம் தரும் டப்பா) மேல் இருக்கும் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். 3060 மட்டுமே 170 வாட் இழுக்கும். மொத்தம் 550 வாட்டாவது இருக்க வேண்டும் என்பது என்விடியா கணக்கு. கேபினட்டோடு சேர்ந்து வந்த இலேசான டப்பாவாக இருந்தால், ஸ்டிக்கரில் 500 என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். அந்த ஒரு பாகத்தை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கவே கூடாது. நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்கும்போது அது போனால் தனியாகப் போகாது, கார்டையும் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் புதிதாக, பில்லோடு வாங்கச் சொல்லுங்கள். கார்டு அடுத்த மாதம் வரட்டும்.